பட்டறை மேசையிற் பிறந்த ஒலிபரப்பு

இலங்கை ஒலிபரப்பின் வரலாற்றை 1925 டிசெம்பர் 16ஆம் நாளிலிருந்து தொடங்குவது வழக்கு. அன்றுதான் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோர்ட் கொழும்பு நிலையத்தின் முறையான சேவையைத் தொடக்கி வைத்தார். விழாவுடன் வந்த திகதியாதலின் அது நிலைத்துவிட்டது. ஆயின் ஒலிபரப்பு அதற்கு ஈராண்டுகளின் முன்னரே பிறந்திருந்தது. பிறந்த இடம் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் ஒரு சிற்றறை.

தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக 1921இல் இலங்கைக்கு வந்த எட்வேர்ட் ஹாப்பரின் முயற்சியால், 1923இல் அச்சிற்றறையிலிருந்து கிராமபோன் இசை பரிசோதனையாக ஒலிபரப்பப்பட்டது. அதற்குதவியது விலைக்கு வாங்கிய ஒலிபரப்பியன்று. கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனங்களைக் கொண்டு திணைக்களப் பொறியியலாளர்களே சிறியதோர் ஒலிபரப்பியை அமைத்தனர். இச்செய்தி சுவையான துணுக்காகவே பெரும்பாலும் சொல்லப்படுகின்றது. உண்மையில் ஊன்றி நோக்கற்பாலது இதுவே.

போர்க்கப்பற் கருவியின் தொழில் மோர்ஸ் குறிகளை அனுப்புதல். விசையை அழுத்தும்போது அலை எழுந்தாற் போதும். இசையைச் சுமப்பதாயின் அலை இடையறாது நிலைத்த மீடிறனில் நிற்றல் வேண்டும். இசையின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அதன் வலு கூடிக் குறைதல் வேண்டும். சுருளும் கொள்ளளவியும் ஒன்றோடொன்று இசையாவிடின் வலு வான்கம்பியை எட்டாது, வெப்பமாய் வீணாகும். உறுப்புக்களைப் பொருத்துவது வேலையின் பாதியே; பொருத்தியபின் படிப்படியாக இசைவாக்குவதே எஞ்சிய, கடினமான பாதி. ஹாப்பரின் பெயர் நிலைத்தது முறையே. எனினும் அச்சுருள்களைச் சுற்றிய கைகள் யாருடையவை என்பதைப் பொதுவான வரலாறுகள் கூறாமல் விடுவது சிறு குறையன்று.

பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னையிலும் ஏறத்தாழ அதே காலத்தில் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் இங்கிலாந்திலிருந்து உறுப்புக்களைக் கொணர்ந்து 40 வற்று ஒலிபரப்பியொன்றைத் தாமே அமைத்தார். 1924 மே 16இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றிற்று. யூலை 31இல் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பணமுடையால் 1927இல் கழகம் ஓய்ந்தது. ஒலிபரப்பி மாநகராட்சியின் கைக்குச் சென்று, 1930 ஏப்பிரல் 1 முதல் அதன் சேவையாக மறுபடி ஒலித்தது.

இரு கருவிகளுள் எது உயர்ந்தது என வினவுதல் வீண். கொழும்புக் கருவி அரசாங்கத் திணைக்களமொன்றின் கூரையின் கீழ் இருந்தது. சென்னைக் கருவியோ ஒரு கழகத்தின் கைப்பணத்தை நம்பி நின்றது. ஒன்று தொடர, மற்றையது இடையில் அறுந்தமைக்கு இவ்வேறுபாடே முதற்காரணம் எனலாம். அமைத்தவர்களின் திறமையில் குறையில்லை.

இக்கைவினை அத்தோடு ஒழியவுமில்லை. உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையிற் பேசும் ஆர்வலர்களிடம் அது எஞ்சியது. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷார் பர்ஹான் 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் வகுத்த ‘பிட்எக்ஸ்’ என்னும் அனுப்பி வாங்கும் கருவி இதற்குத் தக்க சான்று. ஒரே பெருக்கிகள் இருதிசையிலும் தொழிற்படுவதால் உறுப்புக்கள் குறைந்தன. சுருள் சுற்றுதற்கு அவர் தெரிந்தது தண்ணீர்க் குழாய்க்கு இடும் வாஷர்! நீர்மூழ்கியின் உறுப்பும் குழாய் வாஷரும் ஒரே மரபின.

அதனை இசைவாக்குவதற்குப் பொறுமை வேண்டும். படிகங்களை அளந்து, மீடிறன் நெருங்கியவற்றையே வடிகட்டிக்குத் தெரிதல் வேண்டும். அலையத்தை வடிகட்டியின் ஓரத்தில் நிறுத்துதல் வேண்டும். சற்று விலகினாலும் குரல் திரிபடையும். தாங்கியலையை அடக்குவதற்கு மாறுதடையையும் சிறு கொள்ளளவியையும் மாறி மாறித் திருப்பி, அருகிலுள்ள வாங்கியில் அது ஏறக்குறைய மறையும்வரை செவிமடுத்தல் வேண்டும். வலுப்பெருக்கியின் ஓய்வு மின்னோட்டத்தை அமைக்கையில் அவசரப்பட்டால் திரான்சிற்றர் கருகிவிடும்.

கண்டிக்குக் கிழக்கே, தும்பறைப் பள்ளத்தாக்கிலுள்ள திகன போன்ற ஊர்களில் இவ்வுழைப்புக்குத் தனிப்பயன் உண்டு. மிகையுயர் மீடிறன் அலைகளைச் சூழவுள்ள மலைகள் மறிக்கும். 7 மெகாஹேட்ஸ் அலையோ, தாழக் கட்டிய கம்பியிலிருந்து ஏறத்தாழ நேர்மேலே சென்று, அயன மண்டலத்திற் திரும்பி, மலைகளுக்கு அப்பாலும் இறங்கும். இடையில் கம்பியோ கோபுரமோ வேண்டுவதில்லை.

இதன் பெறுமதி 2004 டிசெம்பர் 26இல் வெளிப்பட்டது. ஆழிப்பேரலையால் தென்கரையின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, இலங்கை வானொலி ஆர்வலர்கள் அம்பாந்தோட்டைக்குச் சென்று, மின்கல வலுவில் இயங்கிய சிற்றலைக் கருவிகளால் கொழும்புடன் பேசினர்.