குறுக்கே நிற்கும் நந்தி

‘நந்தி மாதிரி குறுக்க நிக்காத, தள்ளு’ – திண்டுக்கல் கடைவீதியில் இப்படி வசவு வாங்காதவர் யார்? பக்தியின் உருவம், தருமத்தின் உருவம் என்று புராணங்கள் நந்தியைச் சொல்லிவர, பேச்சுமொழியோ அதை ஒரு தடையாகவே நினைவில் வைத்திருக்கிறது. பேச்சுமொழியின் நினைவைத்தான் நான் நம்புகிறேன்.

தொடக்கத்தில் நந்தியும் காளையும் ஒன்றல்ல. குஷாணர் நாணயங்களில் சிவனையொத்த உருவத்தின் பின்னே நிற்பது வெறும் ஊர்தி, விடை. பழைய புராணங்களில் நந்தி மனித உருக்கொண்ட கணத்தலைவன், வாயில் காப்போன். (கோயில்களில் அதிகார நந்தி இன்றும் கைகூப்பி நிற்கிறார்.) பிற்பாடுதான் காவலன் பெயர் காளைமேல் ஏறியது. ஆக, கருவறைக்கு எதிரே படுத்திருக்கும் கல் மாட்டுக்குள் ஒரு வாசல் காவலும் இருக்கிறது.

யாருக்கு எதிரான காவல்? 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்திலேயே பதில் இருக்கிறது. ஆதனூர்ப் புலைப்பாடியின் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். மாட்டின் உடம்பிலிருந்து வந்த இவையெல்லாம் உள்ளே போகலாம். கொடுத்தவர் போகக் கூடாது. திருப்புன்கூரில் வெளியே நின்று ஏங்கியவருக்காகச் சிவன் நந்தியை விலகச் சொன்னார். ‘நீ உள்ள வா’ என்று சொல்லவில்லை. கல் நகர்ந்தது, வாசல் அப்படியே இருந்தது. தில்லையிலோ தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் அனுமதி.

எனக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. எங்க தாத்தா திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர். (2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் பேசுவது இவர்களைப் பற்றித்தான்.) சமவெளியில் உழுது ஓய்ந்த மாடு கடைசியில் தோலாக அவர் கைக்கு வரும். ‘கல்லு மாட்டுக்கு எண்ணெய்க்காப்பு, செத்த மாட்டுக்கு நம்ம கை’ என்பார்.

திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்த காலம் அது. 1939 ஜூலை 8இல் மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தார்கள். 1947இல் மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது. எந்த நந்தியும் விலகி அது நடக்கவில்லை. ஆட்கள் நடந்து போனார்கள்.

பிரதோஷத்தன்று நானும் உள்ளே போகிறேன். ‘கொம்புக்கு நடுவுல சாமியப் பாரு’ என்கிறார்கள். எனக்கு முதலில் கண்ணில் படுவது பக்கத்தில் அதிரும் தவிலின் தோல்.