திரையிற் சுழலும் உருவம்: முப்பரிமாண அசைவூட்டம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

விரிவுரை மண்டபங்களிற் படவில்லைகளைக் காட்ட உதவும் நிகழ்த்துகை மென்பொருளில், முப்பரிமாண உருவமொன்றைப் புகுத்திச் சுழலச் செய்வது இன்று சில நிமிட வேலையாகும். இவ்வசதியை ஒரு வணிக நிறுவனத்தின் கொடையாகவே எம்மிற் பலர் கருதுகின்றோம். வரலாற்றை நோக்கின் அக்கருத்து நிலைபெறாது.

இத்துறையின் விளைநிலம் அமெரிக்காவின் யூட்டாப் பல்கலைக்கழகமாகும். 1972இல் அங்கு மாணவராயிருந்த எட்வின் கற்மல், தமது இடக்கையைச் சாந்தில் வார்த்தெடுத்து, அவ்வார்ப்பின் மேற்பரப்பிற் பல்கோணங்களை வரைந்து, அவற்றின் முனைகளை அளந்து கணினிக்கு ஊட்டினார். பிறெட் பாக்குடன் இணைந்து அவர் ஆக்கிய குறும்படத்தில் அக்கை விரல்களை மடக்கி விரித்தது. உருவத்தைப் பல்கோணங்களால் அமைத்தல், அதற்கு ஒளியும் நிழலும் ஊட்டல், சட்டகம் சட்டகமாக அசைத்தல் என்னும் மூன்று படிகளும் அதிலேயே காணப்படுகின்றன. இன்றைய அசைவூட்டமும் இப்படிகளின் வழியே நடைபெறுகின்றது.

இரண்டாம் படியின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. ஹென்றி கூரோ 1971இல் வகுத்த முறை, பல்கோண முனைகளில் மட்டும் ஒளியைக் கணித்து இடைப்பகுதியை நிரப்பியது. அதனால் மேற்பரப்பின் பளபளப்பு சிதைந்தது. புய் துவொங் பொங் என்பார் மேற்பரப்பு நோக்கும் திசையை ஒவ்வொரு புள்ளிக்கும் வருவித்து, அவ்வப்புள்ளியிலேயே ஒளியைக் கணிக்கும் முறையைத் தமது 1973ஆம் ஆண்டு ஆய்வேட்டில் முன்வைத்தார். அவர் ஹனோயிற் பிறந்த வியட்நாமியர். யூட்டா ஆய்வுக்குப் பணம் வழங்கியதோ அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகம். அதே திணைக்களம் அக்காலத்தில் வியட்நாமிற் போர் நடத்திக்கொண்டிருந்தது. இம்முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. பொங் 1975இல் இளம் வயதிலேயே காலமானார். அவர் வகுத்த முறை அவர் பெயராலேயே வழங்குகின்றது.

1987இல் போதோட் என்னும் சிறு நிறுவனம் பவர்பொயின்ற் மென்பொருளை வெளியிட்டது. அதே ஆண்டில் மைக்கிரோசொவ்ற் அந்நிறுவனத்தை 1 கோடியே 40 இலட்சம் டொலருக்கு வாங்கியது. 2010களின் பிற்பகுதியில் அம்மென்பொருளில் முப்பரிமாண உருவங்கள் இடம்பெற்றன. பொதுப்பணத்தில் வளர்ந்து, ஆய்வேடுகளாக எவருக்கும் திறந்திருந்த அறிவு, இவ்வாறு விலைக்கு விற்கும் பண்டத்தின் ஓர் உறுப்பாயிற்று.

எனினும் அவ்வேடுகள் இன்றும் மறைந்துவிடவில்லை. ஆயத்த உருவங்களைத் தெரிந்து ஒட்டுவதோடு எமது கற்பித்தல் நின்றுவிடின், நாம் நுகர்வோராகவே இருப்போம். மாணவர் ஒரு கனவுருவையேனும் முனை முனையாகத் தாமே அளந்து அமைத்து அசைத்துப் பார்ப்பாராயின், அப்பொது அறிவு மீண்டும் எமதாகும்.