கனடாவில் மருத்துவக் கஞ்சாத் தொழில்துறை

கனடாவின் மருத்துவக் கஞ்சாத் தொழில்துறை என்பது, நோயாளிகளின் தேவைக்காக அந்நாட்டு நடுவண் அரசின் உரிமம் பெற்றுக் கஞ்சாச் செடியைப் பயிரிடுதல், பதப்படுத்துதல், ஆய்வகச் சோதனை செய்தல், விற்றல், ஏற்றுமதி செய்தல் ஆகிய செயற்பாடுகளைக் கொண்ட துறை ஆகும். 2001ஆம் ஆண்டில் அரசுத் திட்டமாகத் தொடங்கிய இது, 2014க்குப் பின்னர் பெரும்பாலும் தனியார் தொழிலாக மாறியது. 2018இல் வயதுவந்தோரின் பொதுப் பயன்பாட்டுக்கும் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டதால், மருத்துவச் சந்தையும் பொதுச் சந்தையும் அருகருகே இயங்கும் நாடாகக் கனடா விளங்குகிறது. இத்தகைய தொழிலின் பொருளாதார வாய்ப்பு எவ்வளவு, அதன் எல்லை எது என்பதை அறிய இந்நாட்டின் பட்டறிவு பயன்படுகிறது.

மருத்துவப் பின்னணி

கஞ்சாச் செடியில் கன்னபினாய்டுகள் எனப்படும் வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. இவற்றுள் டெட்ராஹைட்ரோகன்னபினால் (டி.எச்.சி.), கன்னபிடியால் (சி.பி.டி.) ஆகிய இரண்டும் முதன்மையானவை. முன்னது போதை தருவது. பின்னது அத்தகைய போதை தராதது. நாட்பட்ட வலி, தண்டுவட மரப்பு நோயில் ஏற்படும் தசை இறுக்கம், புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சையால் வரும் குமட்டல், சிலவகை வலிப்பு நோய்கள் முதலியவற்றுக்குக் கஞ்சாப் பொருட்கள் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றுக்கான அறிவியல் சான்றுகளின் வலிமை நோய்க்கு நோய் வேறுபடும்.

சந்தையில் உள்ள பொருட்களை இரு வகைப்படுத்தலாம். முதல் வகை, மருத்துவச் சோதனைகளில் தேறி, மருந்தாக ஏற்பு பெற்றவை. கனடா 2005இல் ஏற்ற சாட்டிவெக்ஸ் என்னும் வாய்த் தெளிப்பானும், அமெரிக்கா 2018இலும் கனடா 2023இலும் ஏற்ற எப்பிடியோலெக்ஸ் என்னும் வலிப்பு மருந்தும் இவ்வகையின. இரண்டாம் வகை, உலர்ந்த பூ, எண்ணெய், உறைமாத்திரை போன்றவை. இவை மருந்தாக ஏற்கப்பட்டவை அல்ல. மருத்துவரின் ஒப்புதலோடு நோயாளி வாங்க அனுமதிக்கப்பட்டவை மட்டுமே. மருந்தகம், வரி, காப்பீடு ஆகியவற்றில் இத்துறை சந்திக்கும் சிக்கல்கள் பலவும் இந்த வேறுபாட்டிலிருந்தே எழுகின்றன.

வரலாறு

மருத்துவக் கஞ்சாவுக்கான வழியைக் கனடாவில் பெரும்பாலும் நீதிமன்றங்களே திறந்தன. 2000ஆம் ஆண்டு சூலையில், வலிப்பு நோயாளி ஒருவர் தொடர்பான பார்க்கர் வழக்கில், மருத்துவத் தேவைக்கு விலக்கு அளிக்காத கஞ்சாத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் விளைவாக 2001இல் முதல் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி நோயாளி தாமே செடி வளர்க்கலாம் அல்லது வேறொருவரை வளர்க்கச் சொல்லலாம். அரசுக்கான பயிரை, மானிட்டோபா மாகாணத்தின் பிலின் பிளான் நகரில் ஒரு சுரங்கத்தினுள் பிரெய்ரி பிளான்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் வளர்த்தது. இப்பயிர் பின்னர் நோயாளிகளுக்கும் விற்கப்பட்டது.

தொடக்கத்தில் ஐந்நூறுக்கும் குறைவாக இருந்த அனுமதி பெற்றோர் எண்ணிக்கை 2013இல் 30,000ஐத் தாண்டியது. அவ்வாண்டு சூனில் கொண்டுவரப்பட்ட புதிய விதிமுறைகள் உற்பத்தியை உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தன. வீட்டு வளர்ப்பைத் தடை செய்தன. நிறுவனங்களின் விலை தமக்குக் கட்டுப்படியாகாது என நோயாளிகள் தொடுத்த அல்லார்டு வழக்கில், 2016 பெப்ரவரியில் நடுவண் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகத்து மாதம் வீட்டு வளர்ப்பு மீண்டும் விதிகளில் இடம்பெற்றது. இதனிடையே 2015இல் கனடிய உச்ச நீதிமன்றம், உலர்ந்த கஞ்சாவை மட்டுமன்றி எண்ணெய் போன்ற சாறுகளையும் நோயாளிகள் பயன்படுத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மருத்துவ வழி அதனுள் தனிப் பிரிவாகத் தொடர்ந்தது.

தொழில்துறையின் அமைப்பு

இத்துறையை ஹெல்த் கனடா என்னும் நடுவண் நலத்துறை ஒழுங்குபடுத்துகிறது. பயிரிடல், பதப்படுத்தல், மருத்துவ விற்பனை, ஆய்வகச் சோதனை, ஆராய்ச்சி ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமங்கள் உண்டு. சிறு பயிராளர்களுக்கும் நாற்றுப் பண்ணைகளுக்கும் தனி வகுப்புகள் உள்ளன. சிறு பயிராளருக்கு 2018இல் 200 சதுர மீட்டராக இருந்த பயிர்ப்பரப்பு வரம்பு 2025இல் 800 சதுர மீட்டராக உயர்த்தப்பட்டது.

நோயாளியைப் பொறுத்தவரை நடைமுறை பின்வருமாறு அமைகிறது:

1. மருத்துவர் அல்லது உயர்தகுதி பெற்ற செவிலியர், நாளொன்றுக்கான அளவைக் கிராமில் குறித்து ஓர் ஆவணம் வழங்குவார்.
2. நோயாளி அதைக்கொண்டு உரிமம் பெற்ற விற்பனையாளர் ஒருவரிடம் பதிவு செய்துகொள்வார்.
3. பொருள் அஞ்சல் அல்லது தூதஞ்சல் மூலம் வீட்டுக்கு அனுப்பப்படும்.
4. வாங்க விரும்பாதவர், ஹெல்த் கனடாவில் பதிவு செய்து தாமே வளர்க்கலாம் அல்லது ஒருவரை நியமிக்கலாம்.

சாதாரண மருந்துகளைப்போல் மருந்தகத்தின் விற்பனை மேசையில் இப்பொருட்களைப் பெற இயலாது. ஷாப்பர்ஸ் டிரக் மார்ட் என்னும் பெரிய மருந்தகக் குழுமம் 2019இல் இணையவழி மருத்துவ விற்பனையில் இறங்கி, 2023இல் விலகிக்கொண்டது.

வரியும் காப்பீடும்

மருந்துச் சீட்டின்பேரில் வாங்கும் மருந்துகளுக்குக் கனடாவில் விற்பனை வரி இல்லை. மருத்துவக் கஞ்சாவுக்கோ விற்பனை வரியும் கலால் வரியும் உண்டு. உலர்ந்த பூவுக்கான கலால் வரி, கிராமுக்கு 1 கனடிய டாலர் அல்லது உற்பத்தியாளர் விலையில் 10 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அது என 2018இல் வகுக்கப்பட்டது. அப்போது கிராம் விலை பல டாலர்களாக இருந்தது. பின்னர் மொத்த விலை வீழ்ந்தபோது, ஒரு டாலர் என்னும் நிலையான வரி விலையில் பெரும் பங்காகி உற்பத்தியாளரை நெருக்கியது.

மாகாணப் பொது மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக இப்பொருட்களின் செலவை ஏற்பதில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான நடுவண் துறை செலவைத் திருப்பித் தருவது முக்கிய விதிவிலக்காகும். அத்துறையும் 2017 மே மாதம் முதல் நாளொன்றுக்கு 3 கிராம் என்னும் பொது வரம்பை விதித்தது.

பொருளாதார வாய்ப்பு: எதிர்பார்ப்பும் விளைவும்

2014க்குப் பின் இத்துறையில் பெருமளவு முதலீடு குவிந்தது. ஒன்ராறியோவின் சுமித்சு பால்சு என்னும் சிறு நகரில், 2008இல் மூடப்பட்ட ஹெர்சி சாக்லேட்டு ஆலையைப் பின்னாளில் கனோபி குரோத் எனப் பெயர் பெற்ற நிறுவனம் கஞ்சாப் பண்ணையாக மாற்றியது. வேலையிழந்த நகருக்கு இது புதுவாழ்வாகக் கருதப்பட்டது. 2018 ஆகத்தில் கான்ஸ்டலேசன் பிராண்ட்ஸ் என்னும் மதுபான நிறுவனம் கனோபியில் 500 கோடி கனடிய டாலர் முதலிடுவதாக அறிவித்தது. ஆல்பர்ட்டாவில் எட்மன்டன் வானூர்தி நிலையத்தின் அருகே அரோரா நிறுவனம் சுமார் 8 லட்சம் சதுர அடிப் பசுமைக்குடிலை எழுப்பியது.

இம்முதலீடுகள் நோயாளிகளின் எண்ணிக்கையைவிட வரவிருந்த பொதுச் சந்தையையே பெரிதும் நம்பின. அச்சந்தை எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை. விளைச்சலோ தேவையை விஞ்சியது. அரோராவின் பசுமைக்குடிலை மூடும் முடிவு 2022இல் வெளியானது. 2023 பெப்ரவரியில் கனோபி சுமார் 800 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. சுமித்சு பால்சு ஆலை சுமார் 5.3 கோடி டாலருக்கு ஹெர்சியிடமே திரும்பிச் சென்றது.

மருத்துவச் சந்தையும் சுருங்கியது. 2018 செப்டம்பரில் சுமார் 3,40,000 ஆக இருந்த நோயாளிப் பதிவுகள், பிற்பாடு 2 லட்சத்துக்கும் கீழ் இறங்கின. மருத்துவரின் ஆவணமின்றியே கடையில், பல வேளைகளில் குறைந்த விலையில், வாங்க முடிந்தது இதற்கு முக்கிய காரணமாகும்.

ஏற்றுமதி

1961ஆம் ஆண்டின் போதைப்பொருட்கள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கான வணிகத்தை மட்டுமே அனுமதிக்கிறது. எனவே கனடாவிலிருந்து மருத்துவக் கஞ்சாவை மட்டுமே ஏற்றுமதி செய்யலாம். ஒவ்வொரு சரக்குக்கும் இரு நாடுகளின் அனுமதியும் வேண்டும். 2017இல் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்து, 2024 ஏப்பிரலில் அதைப் போதைப்பொருள் சட்டத்திலிருந்து நீக்கிய செருமனி முக்கிய சந்தையாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் நல்ல உற்பத்தி நெறிமுறைச் சான்று பெற்ற நிறுவனங்களே இதனால் பயனடைந்தன. மலிவு விலை ஏற்றுமதி உள்நாட்டுப் பயிரைப் பாதிப்பதாக எழுந்த முறையீட்டின்பேரில் இசுரேல் 2024இல் விசாரணை தொடங்கியது.

நோயாளிகளின் நிலை

பொதுக் கடைகளை நாடும் நோயாளிக்கு அங்கு மருத்துவ அறிவுரை கிடைப்பதில்லை. பிற மருந்துகளோடு கஞ்சா எவ்வாறு வினைபுரியும் என்பதைக் கடைப் பணியாளர் கூற இயலாது. நோயாளிகள் குறையுமாயின், குறைந்த போதையும் நிலையான அளவும் கொண்ட எண்ணெய் வகைகளைத் தயாரிப்பதில் நிறுவனங்களின் ஆர்வமும் குறையும் என்னும் கவலை உள்ளது. கஞ்சாச் சட்டத்தை மீளாய்வு செய்த வல்லுநர் குழு, 2024 மார்ச்சில் வெளியான தன் இறுதி அறிக்கையில், மருத்துவ வழியைத் தனியாகவே தொடரப் பரிந்துரைத்தது.

மருத்துவக் கஞ்சாவின் பொருளாதார மதிப்பைப் பயிர்ப்பரப்பைக் கொண்டு அளவிட முடியாது என்பதைக் கனடாவின் வரலாறு காட்டுகிறது. சீரான தரம், மருத்துவச் சான்று, காப்பீட்டு ஏற்பு, ஏற்றுமதித் தகுதி ஆகிய நான்குமே இத்தொழிலைச் சாதாரணப் பயிர்த்தொழிலிலிருந்து வேறுபடுத்துகின்றன.