பழைய விபரக்கொத்துகளில் நம் பூட்டன்மாரைத் தேடுதல்

புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழரின் பிள்ளைகள் இன்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் பூட்டனார் யார்? எந்த ஊரில் இருந்தார்? என்ன தொழில் செய்தார்?" விடை சொல்லக்கூடிய மூத்தோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். வீட்டுப் பெட்டகங்களில் இருந்த கடிதங்களும் படங்களும் போரிலும் இடப்பெயர்விலும் அழிந்து போயின. இந்நிலையில், குடும்ப வரலாறு தேடுவோருக்கு உதவக்கூடியதும் நம்மவர் அதிகம் புரட்டிப் பாராததுமான மூலம் ஒன்று இருக்கிறது. பழைய வர்த்தக, வதிவோர் விபரக்கொத்துகளையே குறிப்பிடுகிறேன்.

இலங்கையில் இவ்வகை நூல்களுள் முதன்மையானது 'பேர்கூசன் டிரெக்ரறி'. கொழும்பின் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையை நடத்திய ஏ. எம். பேர்கூசனும் அவரையடுத்து ஜோன் பேர்கூசனும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதனை வளர்த்தெடுத்தனர். தோட்டங்களும் அவற்றின் துரைமாரும் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்ட நூல் அது. எனினும் அரசாங்கத் திணைக்களங்கள், நீதிமன்றங்கள், பிரக்கிராசிமார், நொத்தாரிசுமார், பாடசாலைகள், மிஷன்கள், வணிக நிலையங்கள் ஆகியவற்றின் வரிசையில் யாழ்ப்பாணத்துப் பெயர்களும் இடம்பெற்றன. இதனோடு அரசாங்கம் வெளியிட்ட சிவில் லிஸ்ட், நீலப் புத்தகம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் ஐரோப்பியர் தம் முன்னோரைத் தேடும் முறை இங்கே அப்படியே பொருந்தாது. அவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. தந்தை, மகன், பேரன் மூவரும் அகரவரிசையில் ஒரே பக்கத்தில் நிற்பர். நம்மிடையே தந்தையின் பெயரே மகனுக்கு முதலெழுத்தாகிறது. வே. கந்தையாவின் மகன் க. சிவசுப்பிரமணியம் என்றால், அகரவரிசை தந்தையையும் மகனையும் வெவ்வேறு பக்கங்களில் வைத்துவிடும். 'க. கந்தையா, எழுதுவினைஞர்' என்று மட்டும் கண்டால், அந்தக் 'க' கந்தரா, கதிரவேலுவா, கணபதிப்பிள்ளையா என்பதை அந்நூல் கூறாது.

மிஷன் கல்வி பெற்றோர் விடயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் கற்ற பலர் அமெரிக்கப் பெயர்களையும் தாங்கினர். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை ஆங்கிலத்தில் ஜே. ஆர். ஆர்னல்ட். பதிப்புத்துறை முன்னோடி தாமோதரம்பிள்ளை தமிழில் சி. வை.; ஆங்கிலத்தில் சி. டபிள்யூ. இரண்டு பெயர்களையும் அறியாதவர் ஒரே மனிதரை இருவராக எண்ணிவிடலாம். ஊர்ப்பெயர்களும் அவ்வாறே. பட்டிக்கோட்டா என்றால் வட்டுக்கோட்டை, கைற்ஸ் என்றால் ஊர்காவற்றுறை, டெல்வ்ற் என்றால் நெடுந்தீவு, பொயின்ற் பீட்றோ என்றால் பருத்தித்துறை.

ஆகவே ஒரு நூலில் ஒரு பெயரைக் கண்டதும் நின்றுவிடலாகாது. ஆண்டு, பதவி, ஊர் ஆகிய மூன்றையும் பிணைத்துக்கொண்டு, முன்னும் பின்னுமுள்ள ஆண்டுகளின் நூல்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். பெயர் முதலில் எப்போது தோன்றுகிறது, எந்த ஊருக்கு மாற்றமாகிறது, எந்த ஆண்டில் மறைகிறது என்பவற்றைக் குறித்துக்கொண்டால் ஒரு மனிதரின் உத்தியோக வாழ்வு ஓரளவு துலங்கிவிடும். பெயர் மறையும் ஆண்டு இளைப்பாறிய ஆண்டாகலாம், இறந்த ஆண்டாகலாம், கடல் கடந்த ஆண்டும் ஆகலாம்.

கடல் கடந்தோரை மலாயாவில் தேட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் றெயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்தவர் திரளாக அங்கே சென்றனர். திரும்பி வந்து கல்வீடு கட்டியவர்களை ஊர் 'மலாயன் பென்சனியர்' என்றது. சிங்கப்பூர், மலாயா விபரக்கொத்துகளில் அவர்களுட் பலர் அகப்படக்கூடும். எஸ். துரைராஜசிங்கம் 1867 முதல் 1967 வரையான நூறாண்டு கால இலங்கையரைப் பற்றித் தொகுத்த ஆங்கில நூலும் இத்துறையில் தவிர்க்க முடியாதது.

வர்த்தகப் பகுதியின் பயன் வேறொரு வகையானது. காரைநகர், புங்குடுதீவு, வேலணை போன்ற தீவக ஊர்களைச் சேர்ந்தோர் தென்னிலங்கைப் பட்டினங்களில் கடை நடத்தினர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அவ்வாறான கடைகள் பல சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. கடையும் கணக்குப் புத்தகமும் சாம்பலான பின்னர், இன்ன தெருவில் இன்ன விலாசத்தில் ஒரு தமிழர் வணிகம் செய்தார் என்பதற்கு அச்சில் எஞ்சும் ஒரு வரியே சாட்சியாகலாம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் வணிகக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அவர்களது கடைகளும் யாழ்ப்பாண வரலாற்றின் பகுதியே.

இந்நூல்களின் பெருங்குறையையும் சொல்லியாக வேண்டும். அரசும் வணிகமும் யாரைக் கணக்கில் எடுத்தனவோ அவர்களே பெரும்பாலும் இவற்றில் உளர். தோட்டம் கொத்திய கமக்காரர், கடலுக்குச் சென்ற மீனவர், மரமேறிய தொழிலாளர், நிலவுரிமையே மறுக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்கள் ஆகியோரை இங்கே காண்பது அரிது. ஆசிரியைகள், தாதியர் சிலரைத் தவிரப் பெண்களும் இல்லை. தன் பூட்டனார் பெயர் இல்லை என்பதால் அவர் பெயரற்றவர் என்று யாரும் எண்ண வேண்டாம். பட்டியல் தொகுத்தவரின் கண் அவ்வளவு தூரமே சென்றது.

அக்குறையின் ஒரு பகுதியை நிரப்ப நம்மிடம் வேறு இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று காணி உறுதி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசு முன்னிலையிலான எழுத்தையும் சாட்சிகளையும் கட்டாயமாக்கியது. உறுதியிலே காணியின் பெயர், பரப்பளவு, நான்கு எல்லைகள், அயற்காணிக்காரர், உரிமை வந்த வழி ஆகியன இருக்கும். முதுசமா, சீதனமா என்பதையும் அது சொல்லும். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமையின்படி சீதனம் பெண்ணுக்குரியது. ஆதலால் விபரக்கொத்தில் காணாத பூட்டியாரை உறுதியில் பெயரோடும் பெற்றோரோடும் காணலாம்.

மற்றையது அந்தியேட்டி நாளில் வழங்கப்படும் 'கல்வெட்டு'. வம்சாவழியும் இறந்த ஆண்டு, மாதம், திதி கூறும் வெண்பாவும் கொண்ட இச்சிறு நூல், சொந்தக்காரர் எழுதிய குடும்ப வரலாறே ஆகும். புகழுரை கலந்திருக்கும் என்றாலும் உறவுமுறைகளுக்கு இதனிலும் நெருங்கிய சான்று கிடைப்பது கடினம்.

1981 ஜூன் முதலாந் திகதிக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது வீடுகளில் இருந்தவையும் கைவிடப்பட்டன. எஞ்சியவை இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அலுமாரிகளின் அடித்தட்டில் கிடக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இத்தகைய ஆவணங்களை எண்ணிம வடிவில் பேணி வருகிறது. உங்கள் வீட்டில் ஒரு கல்வெட்டோ, பழைய உறுதியோ, கடை விளம்பரம் அச்சான விழா மலரோ இருந்தால் அதைப் படமெடுத்து, அதில் வரும் பெயர்களுக்கு இன்னார் இன்ன உறவு என்று அருகில் எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களை அடையாளங் காட்டக்கூடிய மூத்தோர் இருக்கும்போதே அதனைச் செய்துவிடுங்கள்.