குறுநிரல் கலை

ஒரே வரியிலோ சில நூறு அல்லது சில ஆயிரம் பைட்டுகளிலோ அடங்கும் நிரலைக் கொண்டு ஓவியத்தையும் அசைபடத்தையும் இசையையும் கணினியே பிறப்பிக்கும்படி செய்வது குறுநிரல் கலை. இதில் படம் கோப்பாகச் சேமிக்கப்படுவதில்லை. வரையும் வழிமுறை மட்டுமே எழுதிவைக்கப்படுகிறது. 256 பைட் இத்துறையின் பெயர்பெற்ற அளவுகளில் ஒன்று. யூனிகோடு தமிழில் இரண்டு குறட்பாக்களைத் தட்டச்சு செய்தாலே அவ்வளவு இடமும் ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

தொடக்கம் ஜெர்மனியில். 1965 பிப்ரவரியில் ஷ்டுட்கார்ட் நகரில் கியோர்க் நேஸ் தம் வரைபடங்களைக் காட்சிக்கு வைத்தார். கணினிக் கலைக்கென்று நடந்த முதல் கண்காட்சி அதுவே. 1968இல் அவர் உருவாக்கிய 'ஷோட்டர்' என்ற படத்தில் வரிசைக்கு 12 வீதம் 22 வரிசைச் சதுரங்கள் உண்டு. மேல் வரிசை கட்டம் கட்டமாக நேராக நிற்கிறது. கீழே வரவரச் சதுரங்கள் சாய்ந்து, விலகி, சிதறிக் கிடக்கின்றன. வரிசை எண் ஏற ஏறச் சாய்வுக்கும் நகர்வுக்கும் உரிய தற்செயல் எல்லையும் விரிய வேண்டும் என்பதே விதி. அந்த ஒரு விதியிலிருந்துதான் ஒழுங்கு குலையும் காட்சி முழுவதும் பிறக்கிறது.

இக்கலையின் சாரத்தை இன்னும் துலக்கமாகக் காட்டுவது '10 பிரிண்ட்'. 1982இல் வெளிவந்த கமோடோர் 64 கணினிக்குரிய பேசிக் மொழி நிரல் இது. நீளம் ஒரே வரி. 205.5 என்ற எண்ணுடன் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தற்செயல் எண் ஒன்றைக் கூட்டு. பின்னத்தை விட்டுவிட்டு, கிடைத்த எண்ணுக்குரிய குறியைத் திரையில் இடு. மறுபடி முதலிலிருந்து தொடங்கு. விடை 205 அல்லது 206. அந்த இரண்டு எண்களுக்கும் உரியவை இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்த இரு கோடுகள். ஓடவிட்டால் திரை முழுக்கச் சிக்கலான பாதைகள் பின்னிக்கொள்கின்றன.

நிரலில் பாதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சாய்கோடுகள் மூலைக்கு மூலை நீள்வதால் அண்டைக் கோடுகளைத் தொடுகின்றன. 40 குறிகள் நிறைந்ததும் கணினி தானே அடுத்த வரிக்குப் போகிறது. திரை நிரம்பியதும் தானே மேலே நகர்த்துகிறது. பாதி வேலையைச் செய்வது இயந்திரத்தின் இயல்பு. அந்த இயல்பை அறிந்து அதனிடமே வேலை வாங்குவதில்தான் குறுநிரல் கலைஞரின் திறமை இருக்கிறது. இந்த ஒற்றை வரியைப் பற்றிப் பத்துப் பேர் சேர்ந்து எழுதிய நூலை எம்.ஐ.டி. பதிப்பகம் 2012இல் வெளியிட்டது.

1980களில் ஐரோப்பாவில், விளையாட்டு மென்பொருள்களின் பூட்டை உடைத்த இளைஞர்கள் தங்கள் குழுவின் பெயரை அசையும் முகப்பாக முன்னால் ஒட்டினார்கள். அந்த முகப்புகள் தனிக்கலையாக வளர்ந்து 'டெமோசீன்' ஆயின. 64 கிலோபைட், 4 கிலோபைட் என அளவுப் பிரிவுகளில் போட்டிகள் ஏற்பட்டன. 2009இல் பிரேக்பாயின்ட் போட்டியில் வென்ற 'எலிவேட்டட்' 4,096 பைட்டுக்குள் பனிமலைத் தொடர்களையும் அவற்றின் மேல் பறக்கும் காட்சியையும் இசையையும் அடக்கியது. இத்தகைய படைப்புகள் விண்டோஸின் வரைகலை நூலகங்களைப் பயன்படுத்துவதால் அளவுக்கணக்கு நியாயமா என்ற கேள்வி உண்டு. போட்டியாளர் எல்லோருக்கும் அதே கணினிதான் என்பதால் அது பொருட்டல்ல.

2017இல் ஸ்வீடனைச் சேர்ந்த லினஸ் ஆகெசன் கமோடோர் 64க்காக எழுதிய 'எ மைண்ட் இஸ் பார்ன்' 256 பைட்தான். ஆனால் இரண்டு நிமிடத்துக்கும் மேல் இசையும் காட்சியுமாக ஓடுகிறது. 4 கிலோபைட் வரை அனுமதித்த பிரிவில் போட்டியிட்டு அது முதலிடம் பெற்றது.

தற்போது ஷேடர்டாய், 140 எழுத்து வரம்புள்ள டிவிட்டர் (ட்விட்டர் என்ற சமூக ஊடகத்தின் பழைய பெயரோடு ஒலியொத்த வேறு தளம்) ஆகிய இணையதளங்களில் இக்கலை தொடர்கிறது. டெமோசீனைப் பின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தன.