சூடானா மட்டும் அடம்பிடிக்கும் ஸ்டார்ட்டர்

பழைய கார் வைத்திருப்பவர்களின் பொதுவான புலம்பல் இது: "காலையில ஒரே சாவியில கிளம்புது. நெடுந்தூரம் ஓட்டி, டீ குடிக்க நிறுத்திட்டு வந்தா ‘டிக்’னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அரை மணி நேரம் கழிச்சு சமர்த்தா கிளம்புது!" இதுக்குப் பதில் தேடினா, நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும்.

அப்போ காருக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றணும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை உடையும். மோட்டார் வைக்கலாம்தான், ஆனா எஞ்சினையே சுற்றும் மோட்டார் ரொம்பப் பெரிசா இருக்குமே? அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் இருந்த சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் செய்தவர். கல்லா திறக்க ஒரு கணம் பலம் இருந்தால் போதும். காருக்கும் அதே யோசனை: சின்ன மோட்டாருக்குள் அளவுக்கு மீறிய கரண்ட், ஆனா சில நொடிகள் மட்டும். 1912 மாடல் கேடிலாக் இப்படித்தான் சாவகாசமா ஸ்டார்ட் ஆனது.

ஆக, ஸ்டார்ட்டர் பிறந்ததே முழு மூச்சைப் பிடித்து வேலை செய்யத்தான். அதன் வழியில் கொஞ்சம் தடை கூடினாலும் திணறும்.

1960, 70களின் ஜெனரல் மோட்டார்ஸ் வி8 கார்கள் பலவற்றில் ஸ்டார்ட்டரும் அதன் மேலுள்ள சோலினாய்டும் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும். வண்டியை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, அங்கே சூடு இன்னும் ஏறும். செம்புக் கம்பி 100 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை சுமார் 40 சதவீதம் கூடும். சாவியிலிருந்து வரும் வயரும் பழசாகி, வோல்ட்டைத் தின்னும். குளிர்ந்திருக்கும்போது சமாளித்தது, இப்போ முடியாது. அதே காலத்து ஃபோர்டு கார்கள் பலவற்றில் சோலினாய்டு தள்ளி, மட்கார்டு பக்கம் இருந்தது. அதனால்தான் அந்த ஃபோர்டு பாகத்தை ஜிஎம் கார்களில் மாட்டும் பழக்கம் வந்தது.

ஆனா எதையும் மாற்றும் முன், வண்டி சூடா அடம்பிடிக்கும்போதே அளந்து பாருங்க. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் சாவியைத் திருப்பட்டும். சோலினாய்டின் சின்ன முனையில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் அசையவில்லையா? சோலினாய்டையோ ஸ்டார்ட்டரையோ சந்தேகப்படுங்க. ரொம்பக் குறைவா? பேட்டரி பலமாக இருந்தால், குற்றவாளி வயர் அல்லது சாவி ஸ்விட்ச். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், சுற்றும்போதே பேட்டரி முனைக்கும் ஸ்டார்ட்டர் முனைக்கும் நடுவில் அளங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தடித்த கேபிளில்தான் கோளாறு. எர்த் கேபிளையும் அப்படியே பாருங்க.

ஆறின வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினால் எல்லாம் சரியாகவே இருக்கும். நல்ல ஸ்டார்ட்டரைக் கழற்றி, புதுசுக்குக் காசு கொடுத்து, அடுத்த டீக்கடையில் மறுபடியும் அதே ‘டிக்’ கேட்பது அப்படித்தான்.