மதுரை வீரன் குதிரைக்குக் கறுப்பு மூக்கு

போன வருசம் திருவிழாவுக்கு முன்னால், நிபோங் திபாலில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் மதுரை வீரன் சாமியின் சிமெண்டுக் குதிரைக்குப் புதுச் சாயம் பூசினோம். உடம்பெல்லாம் வெள்ளை. மூக்குக்கு ரோஸ் கலரை எடுத்தேன். தாத்தா தடுத்தார்.

"மூக்கு கறுப்பாத்தான் இருக்கணும் தம்பி. வெள்ளைக் குதிரை பொறக்கும்போது வெள்ளையா இருக்காது."

இளமையில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்தவர் அவர். நான் நம்பவில்லை. அன்று ராத்திரி தேடிப் படித்தேன்.

2008இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் சார்ந்த குழு ஒன்று காரணத்தைக் கண்டுபிடித்தது. எஸ்டிஎக்ஸ்17 என்ற மரபணுவுக்குள் சுமார் 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரட்டித்திருக்கிறது. தாய், தந்தை ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். குட்டி கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறக்கும். வளர வளரச் சாம்பலாகி, சில வருசங்களில் முடி முழுக்க வெளுத்துவிடும். தோல் மட்டும் கறுப்பாகவே இருக்கும். பிறவியிலேயே வெள்ளையான குதிரைகளும் உண்டு. அவற்றில் பலவற்றுக்குக் காரணம் கிட் என்ற வேறு மரபணு. அவற்றுக்குத்தான் ரோஸ் மூக்கு, அவை அபூர்வம்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. சாம்பலாகும் குதிரைகள் எல்லாம் ஆயிரக்கணக்கான வருசங்களுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையின் வாரிசுகள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் காயலுக்கு அரபு நாட்டிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்த ஆல்காக்ஸ் அரேபியன் என்ற குதிரை வழியாகத்தான் இன்றைய பந்தயக் குதிரைகளுக்கு இந்தச் சாம்பல் வந்தது. பினாங்கில் குதிரைப் பந்தய மன்றம் 1864இல் தொடங்கியது. காயலில் இறங்கியவற்றில் சாம்பல் குதிரை இருந்திருந்தால், அதுவும் தாத்தா கழுவிய குதிரையும் பங்காளிகள்.

அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. 15 வயது தாண்டிய சாம்பல் குதிரைகளில் பத்துக்கு ஏழெட்டுக்குத் தோலில் கறுப்புக் கட்டி வருகிறது. காலையில் தாத்தாவிடம் சொன்னேன்.

"வாலுக்கு அடியில, உருண்டை உருண்டையா. சோப்பு போடும்போது கையில தட்டுப்படும்" என்றார், சாதாரணமாக.

இந்தோட்டத்து வரலாறு என்று நான் படித்ததெல்லாம் கரும்பு, ரப்பர், துரைமார் பெயர்கள். தாத்தாவின் கைக்குத் தெரிந்தது எதிலும் இல்லை. இத்தனை வருசம் நானும் கேட்டதில்லை.

கறுப்புச் சாய டப்பாவை அவரிடமே கொடுத்தேன். மூக்கை அவர்தான் பூசினார்.